ஜெனோன் மாமா தேடிய ரிவால்வர்

எங்கள் ஊரில் ஜெனோன் மாமாவுக்கு இரண்டு பெயர். பிள்ளைகளுக்கு அவர் பஸ் மாமா. போலந்துக்காரர்கள் கிளப்பில் பீர் குடிக்கும் பெருசுகளுக்கு ரிவால்வர் ஜெனோன். இரண்டாவது பெயரைக் கேட்டால் ஏதோ வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு வந்த ஆள் என்று தோன்றும். நேரில் பார்த்தால் ஏமாற்றம்தான். மூக்குக் கண்ணாடி, சின்னத் தொப்பை, கோடையிலும் கழற்றாத கம்பளி உள்சட்டை. ஆளே இல்லாத தெருவில் சிவப்பு விளக்குக்கு நிற்பார். பச்சை விழுந்தபிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

அவர் என் அம்மாவின் அண்ணன். மாசசூசெட்ஸில், சிக்கொப்பியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். நானும் அந்த பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். யார் மேலும் தப்பில்லை, குணம் பொருந்தவில்லை.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டபிறகு ஓட்டுநர் பின்னிருக்கை வரை நடந்துபோய், யாராவது தூங்கிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அது விதி. மற்ற ஓட்டுநர்கள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். மாமா நடப்பார். ஒவ்வொரு இருக்கைக்கும் குனிவார். ஒரு பனிக்காலத்தில், இழுத்து மூடிய துணிக்கடையின் குப்பையிலிருந்து ஆளுயர பொம்மை ஒன்றை இழுத்துவந்து, என் கோட்டை மாட்டி, தொப்பியை முகம்வரை இறக்கி, கடைசி இருக்கையில் உட்காரவைத்தேன். வெளியே ஒளிந்து நின்றேன். மாமா வந்தார். தோளைத் தொட்டார். தோள் கட்டையாக இருந்தது. அலறுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து டோனட்டை எடுத்துப் பாதியைத் தின்று, மீதியைப் பொம்மையின் மடியில் வைத்தார். "லுட்கா, வெளிய குளிருது. கோட்டு வேற இதுகிட்ட இருக்கு. உள்ள வா" என்றார், தலையைக்கூடத் திருப்பாமல்.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் ஒரே மாதிரியான பழைய ரிவால்வர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாமே ஒரே வகை. அறுபதுகளில் செய்தது, நீளக் குழல், குறிபார்த்துச் சுடும் போட்டிக்கானது. அம்மா அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம், "வீட்டுக்குள்ள ஒரு பட்டாளமே தூங்குது, சம்பளம்தான் இல்ல" என்பாள். மாமா எதையும் சுட்டது கிடையாது. துடைப்பார், எண்ணெய் போடுவார், பூட்டுவார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது அவர் மனைவி ஹலீனா அத்தையின் ரிவால்வர்.

அத்தை அழகு நிலையத்தில் நகத்துக்குச் சாயம் பூசும் வேலை பார்த்தாள். ஒரு நாள் கிளப்பில் யாரோ, "நகம் வெட்டற கைக்குத் துப்பாக்கி எதுக்கு?" என்று கேட்டுவிட்டான். அடுத்த மாதமே அத்தை போலீஸ் நிலையத்தில் லைசென்ஸுக்கு எழுதிப்போட்டுவிட்டு, கிளப்பின் துப்பாக்கி சுடும் பெண்கள் குழுவில் சேர்ந்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிளப்பில் நடக்கும் போட்டியில் பரிசாகப் பன்றித்தொடை கொடுப்பார்கள். அத்தை சேர்ந்த வருஷத்திலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் காசு கொடுத்துப் பன்றித்தொடை வாங்கியதில்லை. அன்றைக்கு அப்படிக் கேட்டவன் ஒவ்வொரு வருஷமும் வரிசையில் நின்று அவளுக்குக் கைதட்டினான்.

குறி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று குழலின் முனைமேட்டில் ஆரஞ்சு நகச்சாயம் பூசியிருந்தாள். அதைப் பல பேர் செய்வார்கள். இன்னொன்றும் செய்திருந்தாள், அது யாருக்கும் தெரியாது. பிடியின் இரண்டு மரக்கட்டைகளும் லேசாக ஆடின. கிளப்பின் பில்லியர்ட்ஸ் மேஜைக்குத் துணி மாற்றியபோது, கிழித்துப் போட்ட பச்சைத் துணியில் விரல் அகலத்துக்கு வெட்டியெடுத்து, ஒரு கட்டையின் உட்பக்கம் ஒட்டிவிட்டாள். ஆட்டம் நின்றது. நான் அப்போது சின்னவள். சமையல்மேஜையில் அவள் அதை ஒட்டியபோது பசைக் குப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி பசை என் முடியில் போனது வேறு கதை.

பிறகு அத்தைக்கு முதுகெலும்பில் புற்று வந்தது. வலி மருந்துக்கு அடங்காத நாட்களில், ஒரு மத்தியானம் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இதோட முடிவு என் கையில இருந்தா நல்லா இருக்கும்ல, ஜெனோன்" என்றாளாம். மறுநாள் அவள் மருத்துவமனைக்குப் போயிருந்த நேரத்தில் மாமா ரிவால்வரை எடுத்துப்போய்த் துப்பாக்கிக் கடையில் விற்றுவிட்டார்.

சில வாரம் கழித்து அத்தை கேட்டாள். "அதைக் கொஞ்சம் எடுத்துக் குடேன். துடைச்சு வெக்கறேன். கை சும்மா இருக்கு."

"ஸ்பிரிங் போயிடுச்சு ஹலீனா. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். வந்துடும்."

அத்தை அவரை ஒரு நிமிஷம் பார்த்தாளாம். "ஸ்பிரிங்கா. சரி" என்றாளாம். அதன்பிறகு கேட்கவேயில்லை. பனி உருகும் முன்பே போய்விட்டாள்.

இதெல்லாம் எனக்கு வெகுநாள் தெரியாது. மாமாவுக்குப் பழைய ரிவால்வர் பைத்தியம் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். சில பேருக்குத் தபால்தலை, சில பேருக்குப் பூனை.

அடக்கம் முடிந்து மாமா கடைக்குப் போனபோது ரிவால்வர் விற்றுப்போயிருந்தது. யார் வாங்கினார் என்று கடைக்காரர் சொல்லவில்லை. "சொன்னா என் லைசென்ஸ் போயிடும். ஆனா ஒண்ணு சொல்றேன் ஜெனோன், அது எங்கயும் போயிடாது" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் மாநிலத்தில் கடைக்காரர் ஒரு கைத்துப்பாக்கியை விற்க வேண்டுமென்றால் அது அரசாங்கப் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால், தொண்ணூற்றெட்டு அக்டோபருக்கு முன்பே மாநிலத்துக்குள் யாரிடமாவது முறைப்படி இருந்ததாக இருக்க வேண்டும். கனெக்டிகட் எல்லை காரில் கொஞ்ச தூரம்தான், ஆனால் அங்கே போய்க் கைத்துப்பாக்கி வாங்கி வர முடியாது. அதனால் அந்தக் காலத்துச் சரக்குக்கு இங்கேதான் மதிப்பு. யாரும் வெளியே அனுப்புவதில்லை. ஏரியில் விட்ட மீன் மாதிரி, பழைய ரிவால்வரெல்லாம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒருவர் சாவார், இன்னொருவர் வாங்குவார். பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு நாள் நம் தூண்டிலுக்கும் வரும்.

மாமா உட்கார்ந்தார். அத்தையுடைய ரிவால்வரின் எண் அவருக்கு மனப்பாடம். துப்பாக்கிக் கண்காட்சி, கடை, கிளப்பின் அறிவிப்புப் பலகை எதையும் விடவில்லை. அந்த வகையின் எண் பிடியின் அடிப்புறம் இரும்பில் குத்தியிருக்கும். போட்டிக்காகப் பெரிய மரப்பிடி போட்டிருந்தால் அதைக் கழற்றினால்தான் தெரியும். மாமா சட்டைப்பையில் சின்னத் திருப்புளி வைத்திருந்தார். பெரும்பாலும் புருஷனை இழந்தவர்கள்தான் கூப்பிடுவார்கள். மாமா போவார், கழற்றிப் பார்ப்பார், எண் பொருந்தாது. அந்த அம்மா காபி போட்டு, கேக் வெட்டி, "அவர் இதை எவ்வளவு ஆசையா வெச்சிருந்தார் தெரியுமா" என்று தொடங்கியிருப்பாள். எழுந்து வர மாமாவுக்கு மனம் வராது. வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அப்படிச் சேர்ந்ததுதான் அந்தப் பட்டாளம்.

"இனிமே நீயும் கூடப் போ" என்று அம்மா எனக்கு உத்தரவு போட்டாள். "கேக்கைக் கண்டா விழுந்துடறான். நீ பக்கத்துல இருந்து காலை மிதி."

போன தவக்காலத்தில், கிளப்பில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடும்போது, பக்கத்து மேஜையில் ஒருவர் பக்கத்து ஊரான ஹோல்யோக்கில் இருக்கும் அர்மான் என்பவரைப் பற்றிப் பேசினார். வெள்ளத்தில் அவர் நிலவறையில் தண்ணீர் புகுந்து, பெட்டியிலிருந்த பழைய ரிவால்வர் துருப்பிடித்துவிட்டதாம். குழல்முனையில் ஏதோ ஆரஞ்சாகப் பூசியிருக்குமாம். மாமா கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்துவிட்டார். நான் அதைத் தின்றுவிட்டேன். அவர் கவனிக்கவில்லை.

அர்மானுக்கு எழுபத்தொன்பது வயது. கனடாப் பக்கத்துப் பிரெஞ்சுக் குடும்பம், காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபிறகு அவருக்கு ஒரே பொழுதுபோக்கு, நிலவறையில் இருந்த மெருகேற்றும் சக்கரம்தான். மாதாகோவில் மெழுகுவர்த்தித் தண்டுகள், பக்கத்து வீட்டுக் குழாய்கள், யார் யாருடையதோ பந்தயக் கோப்பைகள், எதைக் கொடுத்தாலும் கண்ணாடியாக்கித் தருவார், காசு வாங்கமாட்டார். அந்த வீட்டில் பளபளக்காத ஒரே பொருள் அவர்தான்.

"வாங்க தம்பி, வா பாப்பா. ஷூவைக் கழட்டாதீங்க, தரை நனைஞ்சு கெடக்கு" என்றார். துண்டில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தார்.

மாமா வழக்கப்படி முதலில் உருளையைத் திறந்து, குண்டு இல்லை என்று பார்த்தார். உருளை கிறீச்சிட்டது. உடம்பெல்லாம் செம்பழுப்புத் துரு. முனையில் ஆரஞ்சு, பாதி உரிந்திருந்தது. மாமா திருப்புளியை எடுத்துப் பிடியின் திருகில் வைத்துத் திருப்பினார். அசையவில்லை. இன்னொரு முறை. திருகு துருவோடு ஒட்டிப்போயிருந்தது.

"இதுதானா நீங்க தேடறது?" என்று அர்மான் கேட்டார்.

"நம்பரைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும் அண்ணே."

"கட்டையை உடைச்சுடலாம் மாமா, ரெண்டு தட்டு தட்டினா வந்துடும்" என்றேன் நான்.

"தொடாத" என்றார். என்னிடம் அவர் அப்படிப் பேசியதில்லை. உடனே குரலை இறக்கி, "அவளோட கட்டையா இருந்தா?" என்றார்.

பிறகு, யாரும் கேட்காமலே, துண்டைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். பன்றித்தொடை, ஜன்னல், ஸ்பிரிங், எல்லாம். "வந்துடும்னு அவகிட்ட சொன்னேன் அண்ணே. ரிப்பேர் முடிஞ்சு வந்துடும்னு. நான் பொய் சொல்றேன்னு அவளுக்குத் தெரியும். அவ மேல நம்பிக்கை இல்லாமதான் எடுத்துட்டேன்னும் தெரியும். கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. அது வீட்டுக்கு வந்துட்டா... அவ்வளவுதான். வீட்டுக்கு வரணும்."

நான் அந்த நேரத்தில் ஏதாவது கிண்டல் பண்ணியிருக்க வேண்டும், எனக்கு அதுதான் பழக்கம். தரையிலிருந்த ஈரத்தில் ஷூ முனையால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அர்மான் மூக்கைத் துண்டின் ஓரத்தில் துடைத்துக்கொண்டார். "என் மாட்டில்டா போனப்போ நானும்..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. "தம்பி, இந்தக் கோலத்துல இதை உங்க கையில குடுக்க எனக்கு மனசு இல்ல. சனிக்கிழமை வாங்க. திருகை எண்ணெயில ஊறவெச்சு எடுத்துடறேன். நம்பரையும் பார்த்துடலாம், கையோட பதிவும் பண்ணிடலாம்."

விற்பவரும் வாங்குபவரும் லைசென்ஸ் வைத்திருந்தால் வீட்டிலேயே கைமாற்றிக்கொள்ளலாம். மாநிலத்தின் இணையப் பக்கத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எண் இல்லாமல் பதிய முடியாது. வேறு யாராவது இருந்தால், "இப்பவே எடுத்துட்டுப் போறேன், பிறகு பதியலாம்" என்றிருப்பார்கள். இவர் சிவப்பு விளக்குக்கு நிற்கும் மனிதர். துண்டை மூடிவிட்டு எழுந்தார்.

அந்த வாரம் முழுவதும் மாமா பஸ்ஸில் விசிலடித்தாராம். சின்னப் பிள்ளைகள் என்னிடம் புகார் செய்தார்கள். இரும்புப் பெட்டியில் மேல்தட்டைக் காலி பண்ணிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கீழே நெருக்கி அடுக்கினார்.

"பட்டாளத்தைக் கீழ்ப் படுக்கைக்கு அனுப்பிட்டீங்களா? தளபதி வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி கழுதை. தளபதிதான்" என்றார்.

சனிக்கிழமை அர்மான் கோவிலுக்குப் போகும் வெள்ளைச்சட்டை போட்டிருந்தார். அடுப்பில் இறைச்சி அடை வெந்துகொண்டிருந்தது, வீடெல்லாம் கிராம்பு வாசனை. சமையல்மேஜையில் வெள்ளைத் துண்டு. அதன்மேல் ரிவால்வர். மரக்கட்டைகள் இரண்டும் பக்கத்தில் தனியாக.

அது குளியலறைக் குழாய் மாதிரி மின்னியது.

குழல், உருளை, விசை, எல்லாம். ஆரஞ்சு போயிருந்தது. ஒரு புள்ளி துரு இல்லை. ஜன்னல் அதற்குள் தெரிந்தது. அர்மான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரசவ அறை வாசலில் நிற்பவர் மாதிரி நின்றார்.

"ராத்திரி பகல் பாக்கல தம்பி. கட்டையை மட்டும் தொடல. அவங்க கைபட்டதா இருக்கலாமேன்னு விட்டுட்டேன்."

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணே" என்றார் மாமா. குரல் கொஞ்சம் தள்ளியிருந்து வந்தது.

நான் ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, இரண்டு பேருடைய லைசென்ஸ் விவரத்தையும் போட்டுவிட்டேன். "நம்பர்?" என்றேன்.

மாமா ரிவால்வரைத் தலைகீழாகத் திருப்பினார். பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பிச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். என் மூக்குதான் தெரிந்தது.

"எங்க நம்பர்?" என்று கேட்டேன்.

"அங்கதான் பாப்பா துரு ஜாஸ்தி, பள்ளம் பள்ளமா. சக்கரத்துல மூணு தரம் பிடிச்சேன், முழுசா..." அர்மான் நிறுத்தினார். அவருடைய வாய் திறந்தபடி இருந்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ஐயோ, கடவுளே! அது துரு இல்லையா?"

அடுப்பில் அடை சீறிக்கொண்டிருந்தது.

"ஒரு கண்ணுல சரியாத் தெரியாது தம்பி. அடுத்த மாசம்தான் ஆபரேஷன். மேல அழகா வந்துடுச்சா, ஒரு வேகத்துல அடியையும்..." அவர் கைகள் மேஜையின் மேல் எதையோ தேடின. "உங்களுக்குத்தான் நம்பர் மனப்பாடமாச்சே. அதையே போடுங்க. யார் வந்து பாக்கப்போறாங்க? சொல்லு பாப்பா, யாருக்குத் தெரியும்?"

என் கட்டைவிரல் தயாராக இருந்தது. நானாக இருந்தால் போட்டிருப்பேன், யோசித்தே இருக்கமாட்டேன். எண் அழிந்த துப்பாக்கியை வைத்திருந்தாலே குற்றம் என்று எனக்குக்கூடத் தெரியும். ஆனால் அது அந்த இரும்புப் பெட்டியின் மேல்தட்டில் படுத்திருக்கும், பெட்டி பூட்டியிருக்கும், மாமா விசிலடிப்பார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். மேல்தட்டை.

"அது அவங்களோடதுதானே தம்பி? நான் அழிச்சது அவங்களோடதைத்தானே?" அர்மானின் குரல் உடைந்துபோயிருந்தது. "ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்."

மாமா மரக்கட்டைகளில் ஒன்றை எடுத்துத் திருப்பினார். ஒன்றுமில்லை. மற்றதை எடுத்துத் திருப்பினார். உட்பக்கம், விரல் அகலத்துக்குப் பச்சைத் துணி. ஓரத்தில் பசை மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

அவர் பெருவிரல் அதன்மேல் படிந்தது. துணி மறைந்தது. அப்படியே கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இல்ல அண்ணே" என்றார். "இது அவளோடது இல்ல."

"என்ன?"

"ஹலீனா கட்டைக்குள்ள பேரைச் செதுக்கி வெச்சிருந்தா. இதுல இல்ல. ஆரஞ்சு பூசறது எல்லாரும் பண்றதுதானே, நான்தான் அவசரப்பட்டுட்டேன்." கட்டையைக் கவிழ்த்து, பளபளக்கும் பக்கம் மேலே இருக்கும்படி துண்டில் வைத்தார். "அவளோடது வேற எங்கயோ இருக்கு."

அர்மான் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. வாத்தியார்களிடம், அம்மாவிடம், பாதிரியாரிடம்கூட. எதற்கும் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

"பேரு செதுக்கியிருந்தாங்க. நான் பார்த்திருக்கேன்" என்றேன்.

கிழவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு மூச்சை விட்டார். வெகுநேரம் விட்டுக்கொண்டேயிருந்தார். "பயந்தே போயிட்டேன் தம்பி. செத்துருப்பேன்."

போலீஸுக்கு மாமாதான் ஃபோன் செய்தார். வந்த அதிகாரி டெரன்ஸ் எங்கள் ஊர்க்காரர்தான், சின்ன வயதில் மாமாவின் பஸ்ஸில் போனவர். "பஸ் மாமா, நீங்க எங்க இங்க?" என்று உள்ளே வந்தவர், மேஜையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். மாமா நடந்ததைச் சொன்னார், ஒன்றைத் தவிர.

"அண்ணே வேணும்னு பண்ணல. துருவை எடுக்கப் போனாரு."

"தெரியுது. நீங்களே கூப்பிட்டுக் குடுத்துட்டீங்க, அப்படியே எழுதிக்கறேன். யாருக்கும் தொந்தரவு வராமப் பாத்துக்கறேன்." டெரன்ஸ் ரிவால்வரைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஆனா இது திரும்பி வராது மாமா. உருக்கிடுவாங்க."

"சரி" என்றார் மாமா.

நான் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் மரம்தானே, மரத்துக்குச் சட்டம் இல்லை. எனக்குக் கை நீளம், ஊருக்கே தெரியும். கடைகளில் இதைவிடப் பெரியதையெல்லாம் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். மேஜையோரம் நகர்ந்தேன், விரல் துண்டின் நுனியைத் தொட்டுவிட்டது. அதற்குள் அர்மான் எழுந்துவந்து கட்டைகளை எடுத்துக்கொண்டார். ரிவால்வரில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, புதுத் திருகு போட்டு இறுக்கினார்.

"யாரோடதோ பாவம்" என்றார். "போறது முழுசாப் போகட்டும்."

மாமா தலையை ஆட்டினார். "ஆமாண்ணே. முழுசாப் போகட்டும்" என்றார். டெரன்ஸ் அதைப் பையில் போட்டு, வாயை ஒட்டி, பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இறைச்சி அடை சாப்பிட்டோம். மாமா இரண்டாம் துண்டும் வாங்கிக்கொண்டார். அர்மானுக்காகத்தான்.

திரும்பும்போது வண்டி ஆற்றுப்பாலத்தைத் தாண்டியது.

"நான் பார்த்தேன் மாமா" என்றேன்.

"என்ன பார்த்த?"

"பச்சைத்துணி. பசைக் குப்பியை நான்தானே பிடிச்சுட்டு இருந்தேன்."

மாமா வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். இண்டிகேட்டர் விளக்கைப் போட்டுத்தான் நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை. டாஷ்போர்டில் விளக்கு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழிருந்த பெட்டியைத் திறந்தேன், பாதி டோனட் காய்ந்து கிடந்தது, மூடிவிட்டேன்.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?" என்று கடைசியில் கேட்டேன்.

"அந்த மனுஷன் தனியா இருக்காருடி" என்றார். "அந்த வீட்டுல, அந்தச் சக்கரத்தோட. இதையும் வெச்சுக்கிட்டு எப்படி இருப்பாரு?" கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். "உன் அம்மாகிட்ட வாயைத் திறந்த, தொலைச்சுடுவேன்."

திறக்கவில்லை. அம்மாவுக்குப் படிக்கும் பழக்கம் கிடையாது, அதனால் இதை எழுதுகிறேன்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் மாமா எப்படியோ தேறியிருப்பார். பெட்டியில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு ஓய்ந்திருப்பார். ஆனால் அர்மான் கண் ஆபரேஷன் முடிந்த கையோடு ஃபோன் செய்தார். "தம்பி, வெஸ்ட்ஃபீல்டுல ஒண்ணு இருக்காம். அதே வகை. கெளம்புங்க, நானும் வர்றேன். உங்களுக்கு நான் பட்ட கடன் அது."

மாமா என்ன சொல்வார்? வேண்டாம் என்றால், ஏன் என்று அந்தக் கிழவர் யோசிப்பார். யோசித்தால் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறார்கள். பின்னிருக்கையில் நான். அர்மான் பெரிய பூதக்கண்ணாடி ஒன்று வாங்கியிருக்கிறார், விளக்கு வைத்தது, புதுக்கண்ணும் பூதக்கண்ணாடியுமாக ஒரு எறும்பையும் விடுவதில்லை. கண்காட்சியில் ஒவ்வொரு மேஜையாக நிற்பார். கடைக்காரரிடம் கட்டையைக் கழற்றச் சொல்வார். கழற்றியதும் முதலில் உட்பக்கத்தைப் பார்ப்பார், பேர் செதுக்கியிருக்கிறதா என்று. "பேரு இல்ல. ஆனா பேரு தேஞ்சும் போயிருக்கலாம், நம்பரையும் பாத்துடுவோம்" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மேஜையில் அவர் குனிந்து படித்தார். "அஞ்சு... ஏழு... ரெண்டு..." சட்டென்று நிமிர்ந்து மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி! மூணும் சரியா வருது!"

மாமா மேஜை விளிம்பைப் பிடித்தார். அது நடிப்பா என்று நான் உற்றுப் பார்த்தேன். எனக்கு நடிப்பு தெரியும், அதில்தான் காலம் தள்ளுகிறேன். அது நடிப்பு இல்லை. அந்தப் பைத்தியக்கார மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்தது?" என்றார்.

"ஒம்போது."

"இல்ல அண்ணே."

அர்மான் பூதக்கண்ணாடியை அணைத்தார். மாமாவின் தோளில் கைவைத்து, "கிடைக்கும் ஜெனோன். இந்த மாநிலத்தை விட்டு எங்க போயிடப் போகுது?" என்றார்.

"கிடைக்கும் அண்ணே" என்றார் மாமா. இரண்டு பேரும் அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள்.